ஓடும்போது குளிருது, நின்றால் வேகுது: பிக்கப் ஏசியில் எங்கே கோளாறு?

களுவாஞ்சிகுடியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். நெல்லும் உரமும் ஏற்றுவதற்காக, ஏற்கெனவே ஒருவர் பாவித்த டீசல் டபுள் கெப் பிக்கப் ஒன்றை வாங்கியிருக்கிறார். "ரோட்டில் ஓடும்போது ஏசி ஓரளவு குளிருது அண்ணா. கல்முனை டவுன் நெரிசலில் நின்றால் வெறும் காற்றுத்தான் வருது. ஆறு மாதத்தில் இரண்டு தரம் காஸ் அடித்தேன். அடித்தால் ஒரு மாதம் பரவாயில்லை, பிறகு பழையபடி. இப்ப கொம்பிரசரை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றவா?"

இப்போதைக்கு மாற்ற வேண்டாம் தம்பி. நீங்கள் சொன்னதை வைத்துப் பார்த்தால் உங்கள் வண்டியில் ஒன்றல்ல, இரண்டு கோளாறு இருக்கிறது. காஸ் எங்கோ ஒழுகுகிறது. அதோடு, முன்னால் இருக்கும் கண்டென்சருக்குப் போதிய காற்றும் கிடைக்கவில்லை போலிருக்கிறது. இரண்டாவதை நீங்களே வீட்டு முற்றத்தில் சோதித்துவிடலாம்.

கொம்பிரசர் அழுத்தி அனுப்பும் காஸ் கொதிக்கக் கொதிக்கத்தான் கண்டென்சருக்கு வருகிறது. அங்கே சூட்டை வெளிக்காற்றுக்குக் கொடுத்துத் திரவமானால்தான், உள்ளே டேஷ்போர்ட்டுக்குப் பின்னால் போய்க் குளிரைத் தரும். ரோட்டில் ஓடும்போது எதிர்க்காற்றே அந்த வேலையைப் பார்த்துக்கொள்ளும். நின்றுவிட்டால் எஞ்சின் ஃபேன் இழுக்கும் காற்று மட்டும்தான். கச்சான் காற்று வீசும் மாதங்களில் அந்தக் காற்றே அனலாக வரும்போது, பாதி அடைத்த கண்டென்சரால் என்ன செய்ய முடியும்?

ஆனால் காஸ் குறைந்தாலும் நின்ற இடத்தில்தான் முதலில் தெரியும். இரண்டையும் பிரித்து அறிய ஒரு வழி இருக்கிறது. வெயிலில் வண்டியை நிறுத்தி, எஞ்சினை ஓடவிட்டு, ஏசியை முழுக் குளிரில் வையுங்கள். வெறும் காற்று வரத் தொடங்கியதும் ஒருவர் முன்னால் நின்று, கிரிலின் ஊடாகக் கண்டென்சர் மேல் ஹோஸால் மெதுவாகத் தண்ணீர் விடட்டும். பொனட்டைத் திறக்க வேண்டாம், ஃபேன் பக்கம் கை போகக்கூடாது. இரண்டொரு நிமிடத்தில் உள்ளே குளிர் ஏறினால் குறை காற்றோட்டத்தில்தான். தண்ணீர் விட்டும் மாற்றம் இல்லையென்றால் காஸ் பக்கம் பாருங்கள்.

காற்றோட்டம் என்று தெரிந்தால், கிரிலால் எட்டிப் பார்த்துவிட்டு "கிளீனாக இருக்கு" என்று முடிவு கட்டாதீர்கள். அறுவடை முடிந்த கையோடு படுவான்கரைப் பக்கமிருந்து ஒரு வண்டி என்னிடம் வந்தது. முன்னால் பார்த்தால் கண்டென்சர் பளிச்சென்று இருந்தது. ரேடியேட்டரின் போல்ட்டுகளைத் தளர்த்திக் கொஞ்சம் பின்னுக்கு எடுத்தபோதுதான் இடையில் இருந்தது தெரிந்தது: பதர், வைக்கோல் தூசு, தும்பிச் சிறகு எல்லாம் எண்ணெய்ப் பிசுக்கில் இறுகி, விரலால் பிடித்து இழுக்கப் பாய் மாதிரி ஒரே துண்டாக உரிந்து வந்தது. காஸ் குழாய் ஒன்றையும் கழற்றவில்லை. அதை எடுத்துக் கழுவியதும் நின்ற இடத்திலேயே குளிர் வந்துவிட்டது. கழுவும்போது எஞ்சின் பக்கமிருந்து முன்பக்கமாக, சாதாரண ஹோஸ் தண்ணீரால் கழுவுங்கள். சர்வீஸ் ஸ்டேஷன் பிரஷர் கன்னைக் கிட்டப் பிடித்தால் மெல்லிய தகடுகள் மடங்கி, உள்ள வழியும் அடைபட்டுவிடும்.

அப்படியே ஃபேன் கிளட்சையும் பாருங்கள். டீசல் பிக்கப் பலவற்றில் ஃபேன் நேரே பூட்டப்படவில்லை, நடுவில் சிலிக்கன் எண்ணெய் நிரம்பிய கிளட்ச் ஒன்று இருக்கும். நன்றாக ஓடி வந்த சூட்டோடு எஞ்சினை நிறுத்தி, சாவியைக் கழற்றி, ஃபேனைக் கையால் சுற்றுங்கள். கனத்துத் தடுத்தால் நல்லது. விட்டதும் பம்பரம் போல் சுற்றினால் கிளட்ச் செத்துவிட்டது. எஞ்சின் சூடேறுவதற்கும் அதுவே காரணமாகலாம், ஆகவே ஏசிக்காக மட்டும் அல்ல, எஞ்சினுக்காகவும் மாற்ற வேண்டும்.

இனி காஸ். டீசல் மாதிரி எரிந்து தீரும் சாமான் அல்ல அது. மூடிய குழாய்க்குள் சுற்றிக்கொண்டே இருப்பது. ரப்பர் குழாய் வழியாக வருடக்கணக்கில் சிறிது கசிவது வழமை. ஒரு மாதத்தில் இறங்கினால் ஓட்டை இருக்கிறது. காஸோடு எண்ணெயும் வெளியேறுவதால் ஒழுகும் இடம் ஈரமாகி, தூசு படிந்து கறுத்திருக்கும். குழாய் மூட்டுகள், காஸ் அடிக்கும் வால்வு, கொம்பிரசரின் முன் சீல், இவற்றில் சவர்க்கார நுரை வைத்துப் பாருங்கள். கடலோரமாக ஓடும் வண்டிகளில் நான் முதலில் பார்ப்பது கண்டென்சரின் கீழ் மூலைகளைத்தான். உப்புக் காற்றும் சேறும் அங்கேதான் தங்கி அலுமினியத்தை அரிக்கும். வெளியே எதுவும் அகப்படாவிட்டால் நைட்ரஜன் ஏற்றிச் சோதிக்கச் சொல்லுங்கள், டேஷ்போர்ட்டுக்குப் பின்னால் இருக்கும் கூலிங் கொயில் ஒழுகினாலும் அழுத்தம் இறங்குவதில் தெரிந்துவிடும்.

ஒழுக்கை அடைத்த பிறகு, வெக்யூம் பம்பை அரை மணித்தியாலமாவது ஓடவிட்டுக் காற்றையும் ஈரத்தையும் எடுக்க வேண்டும். பிறகு காஸை எடை பார்த்து அடிக்க வேண்டும். எத்தனை கிராம் என்று பெரும்பாலும் பொனட்டுக்குள் ஸ்டிக்கரில் இருக்கும். எஞ்சின் நின்றிருக்கும்போது அழுத்தம் காட்டும் கேஜைக் காட்டி "காஸ் ஃபுல்" என்றால் நம்பாதீர்கள். ஆர்-134ஏ என்ற ஏசி காஸ் உள்ளே கொஞ்சம் திரவமாக இருந்தாலே போதும், 30 பாகை வெயிலில் கேஜ் 95 பிஎஸ்ஐ அளவில்தான் நிற்கும். அரைவாசி இருந்தாலும் அதே, முழுவதும் இருந்தாலும் அதே. கூட அடித்தாலும் குளிர் குறையும், அதுவும் நின்ற இடத்தில்தான் அதிகம் தெரியும். சமையல் காஸ் அடித்துத் தருகிறோம் என்று யாராவது சொன்னால் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். உள்ளே ஒழுகினால், மூடிய கெபினுக்குள் தீப்பற்றும் காஸோடு உட்கார்ந்திருப்பீர்கள்.

இதெல்லாம் முடிந்து, சரியான எடைக்குக் காஸ் இருக்கும்போதுதான் கொம்பிரசரைப் பற்றிப் பேசலாம். எஞ்சின் வேகத்தைக் கொஞ்சம் ஏற்றி வைத்து இரண்டு கேஜையும் பாருங்கள். நம்முடைய வெயிலுக்கு லோ (குறைந்த அழுத்த) பக்கம் 30 முதல் 45 பிஎஸ்ஐ வரையும், ஹை (கூடிய அழுத்த) பக்கம் 200 முதல் 250 பிஎஸ்ஐ வரையும் இருந்தால் கொம்பிரசர் நன்றாக இருக்கிறது. லோ ஏறியும் ஹை இறங்கியும் ஒன்றையொன்று நெருங்கி நின்றால் அதற்கு அழுத்தும் பலம் போய்விட்டது, மாற்றத்தான் வேண்டும். மாற்றும்போது கழற்றிய குழாயின் எண்ணெயை வெள்ளைத் துணியில் தொட்டுப் பாருங்கள். உலோகத் தூள் மின்னினால், உள்ளே எல்லாவற்றையும் ஃப்ளஷ் பண்ணி ஈரத்தை உறிஞ்சும் டிரையரையும் புதிதாகப் போடாமல் புதுக் கொம்பிரசரைப் பூட்ட விடாதீர்கள். அந்தத் தூள் அதையும் தின்றுவிடும்.