சேப்பங்கிழங்கு வறுவல் குழையாமல் வர

வணக்கம். குக்கரில் மூன்று விசில் விட்டு வேகவைத்த சேப்பங்கிழங்கு, வறுக்கும்போது கொழகொழவென்று குழைந்து, மசாலா சட்டியிலேயே ஒட்டிக் கருகிவிடுவதாக எழுதியிருந்தீர்கள். மூன்று விசில் மிக அதிகம். கத்தியால் குத்தினால் சற்றே தடையுடன் இறங்கும் பதத்தில், தோலோடு திறந்த பாத்திரத்தில் வேகவைத்து எடுத்துவிடுங்கள். தோலுரித்த கிழங்கை நன்றாக ஆறவிட்டு, முடிந்தால் ஒரு மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்தபின் வட்டமாக நறுக்கினால், ஈரம் உலர்ந்து துண்டுகள் இறுகியிருக்கும். கால் கிலோ கிழங்கிற்கு ஒரு தேக்கரண்டி மிளகாய்த்தூள், சிறிது மஞ்சள்தூள், உப்பு, இரண்டு தேக்கரண்டி அரிசி மாவு ஆகியவற்றைத் தண்ணீர் தெளிக்காமல் பிசிறி, கடுகும் பெருங்காயமும் தாளித்த இரும்புச் சட்டியில் ஒரே அடுக்காகப் பரப்புங்கள். அடிப்பக்கம் சிவந்து, தானாகவே சட்டியை விட்டு விலகும்வரை கரண்டியே போடக் கூடாது. பலருக்கும் பொறுமை போவது இந்த இடத்தில்தான். புளி சேர்ப்பதாயின், கிழங்கு வேகும் நீரிலேயே கரைத்துவிடுங்கள். வறுக்கும்போது ஊற்றினால் மொறுமொறுப்பு போய்விடும்.