41 லட்சம் கையில் இருக்கிறது: மகனுக்கா, மாந்தோப்புக்கா, வட்டிக்கா?

கேள்வி: காவேரிப்பட்டணம் பக்கம் எனக்குச் சொந்த வீடு. ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் 31 வருடம் வேலை பார்த்து 58 வயதில் ரிடையர் ஆகிவிட்டேன். பி.எஃப்., கிராஜுவிட்டி இரண்டும் சேர்த்து 41 லட்சம் வந்தது, ஒன்றரை மாதமாக சேவிங்ஸ் கணக்கிலேயே கிடக்கிறது. பி.எஃப். பென்ஷன் 4,500 வரும் என்கிறார்கள். 60 வரை பொறுத்தால் கூடும் என்று ஒருவர் சொன்னதால் இன்னும் விண்ணப்பிக்கவில்லை. மனைவிக்கு 54, அம்மாவுக்கு 79. மாதச் செலவு 24 ஆயிரம். கடன் இல்லை. பெங்களூரில் இருக்கும் மகன் ஃபிளாட்டுக்கு 15 லட்சம் கேட்கிறான். மச்சான் சந்தூர் பக்கம் 18 லட்சத்துக்கு ஒரு மாந்தோப்பு பார்த்து வைத்திருக்கிறார். கூட வேலை செய்த நண்பர் ரெண்டு வட்டிக்கு விடலாம் என்கிறார். என்ன செய்வது?

பதில்: சார், மகன், மச்சான், நண்பர் மூவரையும் கொஞ்சம் காத்திருக்கச் சொல்லுங்கள். அதைவிட அவசரமான ஒன்று இருக்கிறது, அதை நீங்கள் கேட்கவே இல்லை.

தபால் ஆபீஸிலும் பெரிய வங்கிகளிலும் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் என்று ஒன்று உண்டு. இதை எழுதும்போது வட்டி 8.2 சதவீதம், ஒருவர் 30 லட்சம் வரை போடலாம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டி கைக்கு வரும், நீங்கள் சேரும் நாளில் இருக்கும் வட்டியே ஐந்து வருடத்துக்கும் நிற்கும். இது 60 வயதுக்கு மேல்தான் என்று பலரும் நினைத்துக்கொண்டு விட்டுவிடுகிறார்கள். 55 தாண்டி ரிடையர் ஆனவர்களும் சேரலாம், ஆனால் ஓய்வுக்காலப் பணம் கைக்கு வந்த மூன்று மாதத்துக்குள் சேர்ந்துவிட வேண்டும். முன்பு ஒரு மாதம்தான் அவகாசம் இருந்தது, 2023 நவம்பரில்தான் மூன்றாக்கினார்கள். உங்களுக்கு ஒன்றரை மாதம் ஏற்கெனவே போய்விட்டது. பி.எஃப்., கிராஜுவிட்டி இரண்டும் வேறு வேறு தேதியில் வந்திருந்தால் முதலில் வந்த தேதியையே கணக்கு வையுங்கள், வம்பு வேண்டாம். இதைத் தவறவிட்டால் 60 வயது வரை காத்திருக்க வேண்டியதுதான்.

தபால் ஆபீஸுக்குப் போகும் முன் கம்பெனியிலிருந்து ஒரு சான்றிதழ் வாங்கிக்கொள்ளுங்கள்: எந்தப் பதவியில் இருந்தீர்கள், எத்தனை வருடம், எப்போது ஓய்வு, என்னென்ன தொகை எப்போது கொடுத்தார்கள் என்று லெட்டர்ஹெட்டில் இருக்க வேண்டும். இதற்காக ஓசூருக்கு ஒரு நடை போவதென்றால் இந்த வாரமே போய்விடுங்கள், ஹெச்.ஆரில் கையெழுத்து போடுகிறவர் லீவில் இருப்பார், எப்போதும் அப்படித்தான். மனைவியை ஜாயின்ட்டாகச் சேர்க்கலாம், அவருக்கு வயது தடையில்லை. நாமினி பெயரையும் அன்றைக்கே எழுதிவிடுங்கள்.

சரி, இப்போது கணக்கு. 30 லட்சத்துக்கு 8.2 சதவீதம் என்றால் மூன்று மாதத்துக்கு 61,500, அதாவது மாதம் 20,500. மீதி 11 லட்சத்தில் 5 லட்சத்தை மனைவி பெயரில் தபால் ஆபீஸ் மாத வருமானத் திட்டத்தில் போடுங்கள்; 7.4 சதவீதத்தில் மாதம் 3,083 வரும். அதோடு பென்ஷன் 4,500. மொத்தம் 28,083. செலவு 24 ஆயிரம் போக நாலாயிரம் சொச்சம் நிற்கும். உங்கள் 41 லட்சம் என்பது இவ்வளவுதான் சார். பாஸ்புக்கில் பார்க்கும்போது பெரிய பணமாகத் தெரியும், ஊரில் எல்லோருக்கும் தெரிந்தும் விட்டது, ஆனால் மாதச் சம்பளமாக மாற்றிப் பார்த்தால் ஒரு சாதாரண வேலையின் சம்பளம், அதுவும் இன்கிரிமென்ட் இல்லாத சம்பளம்.

இப்போது மகன் விஷயத்துக்கு வருவோம். 15 லட்சம் கொடுப்பதென்றால் மாதம் 10,250 ரூபாயை உங்கள் ஆயுசுக்கும் அவருக்கு எழுதிக் கொடுக்கிறீர்கள் என்று அர்த்தம். மிச்சம் 18 ஆயிரத்துக்குக் கீழே வரும், செலவோ 24 ஆயிரம். அவர் பெங்களூரில் சம்பளம் வாங்குகிறார், வங்கி அவருக்கு இருபது வருடத்துக்குக் கடன் தரும். உங்களுக்கு யார் தருவார்கள்? மறுக்கச் சங்கடமாக இருக்கும், தெரியும். வாயால் மறுக்காதீர்கள், மேலே இருக்கும் கணக்கை ஒரு தாளில் எழுதி மகன், மருமகள் இருவர் முன்னாலும் வையுங்கள். பெரும்பாலான பிள்ளைகளுக்கு அப்பாவின் பணம் எவ்வளவு என்று தெரியும், அதில் மாதம் எவ்வளவு வரும் என்று தெரியாது. மனசு கேட்கவில்லை என்றால் பத்திரப்பதிவு நேரத்தில் ஒரு லட்சம் கொடுங்கள், பேங்க் வழியாக, திரும்பி வராது என்று நினைத்தே கொடுங்கள்.

அப்புறம், கேட்காத ஒன்று: வீட்டை இப்போதே யார் பெயருக்கும் செட்டில்மென்ட் (உயிரோடு இருக்கும்போதே சொத்தை மாற்றிக் கொடுக்கும் பத்திரம்) எழுதாதீர்கள். உயில் எழுதி வையுங்கள், அதை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். செட்டில்மென்ட் பதிந்துவிட்டால், பிள்ளை பார்த்துக்கொள்ளவில்லை என்று பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புக்கான 2007 சட்டத்தின் கீழ் ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்) முன்னால் போய் நிற்க வேண்டி வரும், அதிலும் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனை பத்திரத்தில் இருந்ததா என்றுதான் முதலில் கேட்பார்கள்.

மாந்தோப்பு. கிருஷ்ணகிரிக்காரருக்கு மாந்தோப்பு வேண்டாம் என்று சொல்வது கஷ்டம்தான், ஆனாலும் சொல்கிறேன். 18 லட்சத்துக்கு வாங்கினால் முத்திரைத்தாள், பதிவுக் கட்டணம் மட்டுமே 9 சதவீதம், ஒரு லட்சத்து அறுபதாயிரத்துக்கு மேல் முதல் நாளே போய்விடும். நம் பக்கம் தோப்பென்றால் பெரும்பாலும் ‘பெங்களூரா’ என்கிற மா ரகம்தான், அது கூழ் தொழிற்சாலைக்குப் போகும் காய். விலையை நீங்கள் வைக்க முடியாது, தொழிற்சாலைக்காரர் வைப்பார். 2025 சீசனில் விலை எப்படிச் சரிந்தது, பறிப்புக் கூலிக்குக்கூடக் கட்டவில்லை என்று எத்தனை பேர் புலம்பினார்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். அது போக மா ஒரு வருடம் நன்றாகக் காய்த்தால் அடுத்த வருடம் அடங்கிவிடும். பூ எடுக்கும்போதே குத்தகைக்கு விட்டுவிடலாம் என்று மச்சான் சொல்வார், விடலாம், ஆனால் மருந்தடிப்பு, உழவு, காவல் என்று கணக்குப் போட்டுவிட்டு அந்தக் குத்தகைப் பணம் 18 லட்சத்துக்கு எத்தனை சதவீதம் வருகிறது என்று அவரையே கேளுங்கள். நிலம் விலை ஏறும் என்பார். ஏறலாம். ஆனால் அம்மாவை நள்ளிரவில் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போக வேண்டியிருந்தால் கால் ஏக்கரை வெட்டி விற்க முடியாது. விவசாயம் தெரிந்த, வேறு வருமானம் இருக்கிற ஒருவர் வாங்கினால் நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். உங்களுக்கு இது வேண்டாம்.

ரெண்டு வட்டி பற்றி அதிகம் பேச எதுவும் இல்லை. லைசென்ஸ் இல்லாமல் வட்டிக்கு விடுவதே தப்பு, வருடத்துக்கு 24 சதவீதம் என்றால் 2003-ல் வந்த கந்துவட்டி தடைச் சட்டத்தில் மாட்டுவதற்கும் வாய்ப்பு உண்டு. வாங்கியவர் திருப்பித் தரவில்லை என்றால் நீங்கள் ஸ்டேஷனுக்கும் போக முடியாது. இதே மாதிரி ‘லட்சத்துக்கு மாசம் மூவாயிரம்’ என்று யாராவது டெபாசிட் கேட்டு வந்தால், கொங்குப் பக்கம் 2012-ல் ஈமு கோழியில் பணம் போட்டு ஏமாந்தவர்கள் கதையை நினைத்துக்கொள்ளுங்கள்.

பென்ஷனுக்கு உடனே விண்ணப்பியுங்கள். 60 வரை தள்ளினால் வருடத்துக்கு 4 சதவீதம் கூடும் என்பது உண்மைதான், அதாவது 4,500 என்பது சுமார் 4,870 ஆகும். அதற்காக இரண்டு வருடத்தில் 1,08,000 ரூபாயை விட்டுக்கொடுக்கிறீர்கள். மாதம் 370 ரூபாய் கூடுதலில் அதை மீட்க சுமார் 25 வருடம் ஆகும், அப்போது உங்களுக்கு 84, 85 வயது. உங்களுக்குப் பின் மனைவிக்குப் பாதி பென்ஷன் வரும், எனவே விண்ணப்பத்தில் அவர் பெயரும் பிறந்த தேதியும் ஆதாரில் உள்ளபடியே இருக்கட்டும்.

கையில் இன்னும் 6 லட்சம் இருக்கிறது. மூன்று லட்சத்தை ஊரில் இருக்கும் அரசு வங்கியில் ஃபிக்ஸட் டெபாசிட்டாக, ஒரே ரசீதாக இல்லாமல் மூன்றாகப் பிரித்துப் போடுங்கள், அவசரத்துக்கு ஒன்றை மட்டும் உடைக்கலாம். இன்னொரு மூன்று லட்சத்தை மாதம் 25 ஆயிரம் வீதம் ஒரு வருடத்துக்கு, பங்கும் கடன் பத்திரமும் கலந்த ஹைபிரிட் மியூச்சுவல் ஃபண்டில் போடுங்கள். இது ஏறும் இறங்கும், எட்டு, பத்து வருடம் தொடக்கூடாது. எதற்கு இந்த வேலை என்றால், விலைவாசி வருடம் 6 சதவீதம் ஏறினால் இன்றைய 24 ஆயிரம் பன்னிரண்டு வருடத்தில் 48 ஆயிரம் ஆகிவிடும், உங்கள் வட்டியோ அப்படியே நிற்கும். மூன்று லட்சம் இதற்குப் போதுமா? போதாது. அதனால்தான் போச்சம்பள்ளி, பர்கூர் சிப்காட் பக்கம் வாரம் இரண்டு, மூன்று நாள் வேலை கிடைத்தால் ஒப்புக்கொள்ளுங்கள் என்கிறேன். 31 வருட அனுபவம் உள்ள ஆளைச் சின்ன யூனிட்டுகள் தேடிக்கொண்டுதான் இருக்கின்றன. அந்தச் சம்பளம் முழுவதும் ஃபண்டுக்குப் போகட்டும். தினமும் ஓசூர் போய்வருவது மட்டும் இனி வேண்டாம்.

இன்னொன்று, சேவிங்ஸில் 41 லட்சம் கிடப்பதைப் பார்த்து பேங்கிலிருந்தே போன் வந்திருக்கும், ‘ஸ்பெஷல் ஸ்கீம் சார், அஞ்சு வருஷம் கட்டினா போதும்’ என்று. அது இன்சூரன்ஸ். கையெழுத்துப் போடாதீர்கள்.

மருத்துவம் மட்டும் இன்சூரன்ஸிலேயே இருக்க வேண்டும். மாதம் மிஞ்சும் நாலாயிரம் வருடத்துக்கு 49 ஆயிரம் ஆகிறதல்லவா, அதிலிருந்து உங்கள் இருவருக்கும் ஒரு ஹெல்த் பாலிசி எடுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் பாலிசிக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. சர்க்கரை, பிரஷர் இருந்தால் மறைக்காமல் எழுதுங்கள், ஏற்கெனவே உள்ள நோய்க்குக் காத்திருப்புக் காலம் அதிகபட்சம் மூன்று வருடம்தான், மறைத்தால் க்ளெய்ம் மொத்தமும் போய்விடும். அம்மாவுக்குப் பாலிசி தேட வேண்டாம். 70 வயது தாண்டியவர்களுக்கு வருமானம் பார்க்காமல் வருடம் 5 லட்சம் வரை சிகிச்சை என்று 2024 அக்டோபரில் மத்திய அரசு ஆயுஷ்மான் திட்டத்தை விரித்திருக்கிறது. ஆதாரோடு அம்மாவைக் கூட்டிப்போய் அட்டைக்குப் பதிந்துவிட்டு, கிருஷ்ணகிரியிலும் தர்மபுரியிலும் எந்தெந்த ஆஸ்பத்திரிகள் பட்டியலில் இருக்கின்றன என்பதையும் அப்போதே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

வரி பற்றிப் பயப்பட வேண்டாம். மனைவி பெயரில் போட்ட பணத்தின் வட்டியும் உங்கள் வருமானத்தோடுதான் சேரும், ஆனாலும் மேலே சொன்ன மாத வருமானம் வருடத்துக்கு 3,37,000 சுமார், புது வரி முறையில் 4 லட்சம் வரை வரியே இல்லை. ஆனால் நீங்களாகச் சொல்லாவிட்டால் தபால் ஆபீஸில் 10 சதவீதம் பிடித்துவிடுவார்கள். வரி பிடிக்க வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கும் படிவத்தைக் கணக்கு திறக்கும் அன்றே கொடுங்கள், பிறகு ஒவ்வொரு ஏப்ரலிலும் கொடுக்க வேண்டும், கொடுத்ததற்கு நகலில் சீல் வாங்கி வையுங்கள்.