குட்டி இன நாய்க்குப் பல் தேய்த்தல், சிக்கெடுத்தல்: தென்னாப்பிரிக்காவின் டர்பன் வட்டாரத்துக் கேள்வி பதில்

சாட்ஸ்வர்த்திலிருந்து: அக்கா, எங்கள் மால்டீஸ் நாய்க்கு மூன்று வயது. பிரஷ்ஷைக் கண்டாலே சோஃபாவுக்கு அடியில் ஓடிவிடுகிறது. இருவர் பிடித்துத்தான் தேய்க்கிறோம்.

பிடித்துத் தேய்ப்பதை இன்றோடு விடுங்கள். அந்த பிரஷ்ஷையும் தூக்கிப் போடுங்கள். முதல் சில நாள் உதட்டை ஒரு நொடி தூக்கிவிட்டு, உடனே உப்பில்லாமல் வேகவைத்த கோழியில் உளுந்தளவு கொடுங்கள். தொடுவது முன், தீனி பின். தீனியைக் காட்டி அழைத்துப் பிடித்தால், பிறகு கோழி வாசனைக்கே நாய் ஒளியும்.

அது பழகியபின் விரலில் மெல்லிய துணி சுற்றி, நாய்ப் பற்பசை தடவி, கோரைப்பல்லில் இரண்டே தேய்ப்பு. அப்புறம் மேல் கடைவாய்ப் பற்களின் வெளிப்புறம். உமிழ்நீர்க் குழாய் அங்கே திறப்பதால் காரை, அதாவது பல்லில் இறுகும் அழுக்கு, மிகுதியாகப் படிவதும் அங்கேதான். கடைசியாகத்தான் மென்மையான சிறு பிரஷ்: ஈறும் பல்லும் சேரும் கோட்டில் 45 பாகை சாய்த்து, பக்கத்துக்கு 30 நொடி.

தலையைத் திருப்புவது, உதட்டை நக்குவது, கண்ணின் வெள்ளை தெரிவது எல்லாம் "போதும்" என்பதுதான். அப்போதே கையை எடுங்கள். உறுமினால் திட்டாதீர்கள், திட்டுவாங்கிய நாய் அடுத்தமுறை உறுமாமலே கடிக்கும்.

ஃபீனிக்ஸிலிருந்து: நம் பற்பசையைத் துளி போடலாமா?

வேண்டவே வேண்டாம். நாய் துப்பாது, விழுங்கும். சைலிட்டால் என்ற இனிப்பூட்டி கலந்த பசையானால் ரத்தச் சர்க்கரை சட்டென இறங்கும், ஈரலும் கெடும். வெறும் தண்ணீரில் தேய்த்தாலே பயன் உண்டு.

வாரம் ஒருமுறை போதாதா?

போதாது. பல்மேல் படியும் படலம் இரண்டு மூன்று நாளில் இறுகத் தொடங்கும். சின்னத் தாடையில் 42 பல் நெருக்கியடிப்பதால் குட்டி இனங்களுக்கு ஈறுநோய் சீக்கிரமே வரும். ஏற்கெனவே காரை கட்டி ரத்தம் கசிந்தால், மருத்துவர் மயக்கம் கொடுத்துச் சுத்தம் செய்து, ஈறு ஆறியபின் தொடங்குங்கள். வலிக்கிற வாயில் எந்தப் பழக்கமும் ஏறாது.

டோங்காட்டிலிருந்து: எங்கள் யார்க்கி (யார்க்‌ஷயர் டெரியர்) நாய்க்குக் காதுக்குப் பின்னால் சடை விழுகிறது. குளிப்பாட்டினால் இளகுமா?

இன்னும் இறுகும். குளியலுக்கு முன்பே சிக்கெடுங்கள். தோல் இழுபடாமல் முடியின் அடியை விரலால் இறுக்கிப் பிடித்து, நுனியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக. முடிவில் இரும்புச் சீப்பு வேர்வரை தடையின்றி ஓட வேண்டும். கத்தரிக்கோல் கூடாது: மெல்லிய தோல் சடையோடு எழும்பி வெட்டுப்படும்.

கோடையில் சீவும்போதே காதுமடல், அக்குள், விரலிடுக்கில் உண்ணி தேடுங்கள். நாயின் ரத்த அணுக்களை அழிக்கும் பிலியரி காய்ச்சல் உண்ணிக் கடியால்தான் வருகிறது. ஈறு வெளுத்து, மூத்திரம் கறுத்து, நாய் சோர்ந்தால் அன்றே மருத்துவரிடம் போங்கள். தினமும் உதடு தூக்கப் பழகிய நாயில் ஈறு வெளுப்பது உங்கள் கண்ணுக்குத் தப்பாது.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து: கறுப்பு நகத்தில் எங்கே வெட்டுவது?

ஒவ்வொரு மில்லிமீட்டராக. வெட்டிய முகத்தின் நடுவில் கருத்த புள்ளி தெரிந்தால் நிறுத்துங்கள். ரத்தம் வந்தால் சோளமாவை அழுத்திப் பிடியுங்கள். நாளுக்கு ஒரு நகம் போதும்.

தீபாவளிக்குள் பழக்கிவிடலாமா, அக்கா?

வெடிச்சத்தத்தில் நடுங்கும் வாரத்தில் புதிதாக எதையும் தொடங்காதீர்கள். ஏற்கெனவே பழகியிருந்தாலும் அந்த நாட்களில் உதட்டைத் தூக்கித் தீனி கொடுப்பதோடு விடுங்கள்.