அந்த ஒரு படத்தோடு நிறுத்திவிட்டீர்களா?

கேள்வி: ஸ்காட்லாந்து நடிகர் ராபர்ட் கார்லைலைப் பன்முக நடிகர் என்று சென்ற இதழில் புகழ்ந்திருந்தீர்கள். ‘ட்ரெயின்ஸ்பாட்டிங்’ பார்த்தேன். ரவுடி வேஷத்துக்குப் பொருத்தமான முகம், அவ்வளவுதான். இதில் என்ன பன்முகம்?

பதில்: ஒரு படம் பார்த்தால் ஒரு முகம்தானே தெரியும்? மதுக்கடை மாடியில் உட்கார்ந்து, காலி பீர் கிளாஸைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் தோளுக்குப் பின்னால் வீசுவாரே, கீழே யார் மண்டை உடைந்தால் என்ன என்று! அந்த ரவுடி பாத்திரம் பெக்பி உங்களை நன்றாகவே மிரட்டியிருக்கிறார். அதை நடிகர்மீது குற்றமாக எழுதினால் எப்படி?

அந்தப் படம் வந்தது 1996இல். அதே காலத்தில் (1995 முதல் 1997 வரை) பிபிசி தொடரில் அவர் ஹேமிஷ் மக்பெத். மலைநாட்டுக் கிராமத்துப் போலீஸ்காரர். பதவி உயர்வு கொடுத்து எங்கே ஊரைவிட்டுத் தூக்கிவிடுவார்களோ என்று பயப்படுகிற சாது. கூடவே வெள்ளை நாய் ஒன்று. 1997இல் ‘தி ஃபுல் மான்ட்டி’. ஷெஃபீல்டில் உருக்காலை வேலை போய், மகனைப் பார்க்கும் உரிமைக்காகப் பணம் தேடி, மேடையில் துணியை அவிழ்த்து ஆடத் துணிகிற அப்பா. யோசனையே அவருடையது, ஆனால் மேடையேறும் நேரத்தில் அவருக்கே உதறல். அந்தச் சின்னப் பையன் ஓர் அதட்டல் போட்டதும்தான் ஓடுவார். மதுக்கடையையே நடுங்கவைத்த அதே கண்கள் அங்கே திருதிருவென்று விழிக்கும். சிறந்த நடிகருக்கான பாஃப்டா என்ற பிரிட்டிஷ் திரைப்பட விருதை அதற்குத்தான் கொடுத்தார்கள்.

இது வெறும் முகராசி இல்லை. கிளாஸ்கோவின் மேரிஹில்லில் 1961இல் பிறந்தவர். நாலு வயதில் அம்மா பிரிந்துபோக, வளர்த்தது அப்பா. பதினாறு வயதில் பள்ளிக்கு முழுக்குப் போட்டுவிட்டு அவரோடு சேர்ந்து பெயின்ட் அடித்தார். இருபத்தொரு வயதில் ஆர்தர் மில்லரின் நாடகம் ஒன்றைப் படித்த பிறகுதான் நடிப்பு வகுப்புப் பக்கமே போனார். இயக்குநர் கென் லோச் 1991இல் ‘ரிஃப்-ராஃப்’ படத்தில் அவரைக் கட்டட வேலையாளாக நிறுத்தியபோது, அந்தத் தூசியும் கூலியும் புதிதாக இருந்திருக்காது. லோச்சின் இன்னொரு படத்துக்கு கிளாஸ்கோ பஸ் டிரைவர் வேஷம். அதற்காகப் பஸ் ஓட்டும் லைசென்ஸே வாங்கிவிட்டார்.

அப்புறம், 1999இல் ஜேம்ஸ் பாண்டுக்கு வில்லனாக வந்தார். வலியே தெரியாத மனிதன் வேஷம்! அதில் அவரை வீணடித்தார்கள் என்று நீங்கள் எழுதியிருந்தால், கீழே நானும் கையெழுத்துப் போட்டிருப்பேன்.