ரேடார் படத்தில் கறுப்பாகத் தெரிவதெல்லாம் வெள்ளமா?

ஐரோப்பாவின் சென்டினல்-1 ரேடார் செயற்கைக்கோள் படங்கள் இலவசம். மேகமும் இருட்டும் அதற்குத் தடையில்லை. அந்தப் படங்களை வைத்து வேலை செய்கிறவர்கள் கேட்டவையும் அவற்றுக்கான பதில்களும் இங்கே.

சார், 'சார்' என்றால் என்ன? 12 மீட்டர் ஆன்டெனாவை வைத்துக்கொண்டு 700 கி.மீ. உயரத்திலிருந்து வயல் வரப்பைப் பார்க்க முடியுமா? — கல்லூரி மாணவர், திருச்சி

முதல் 'சார்' மரியாதைக்கு. இரண்டாவது, சிந்தெடிக் அப்பர்ச்சர் ரேடார் என்பதன் ஆங்கிலச் சுருக்கம். உங்கள் சந்தேகம் நியாயமானது, கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். அலைநீளம் சுமார் 5.5 செ.மீ.; பக்கவாட்டில் சாய்ந்து பார்ப்பதால் தரைக்குள்ள தூரம் ஏறத்தாழ 850 கி.மீ.; ஆன்டெனா நீளம் 12.3 மீட்டர். முதல் இரண்டையும் பெருக்கி மூன்றாவதால் வகுத்தால் 3.8 கி.மீ. வருகிறது. அதாவது ஒரு ஊரே ஒரு புள்ளி. ஆனால் செயற்கைக்கோள் நொடிக்கு 7.5 கி.மீ. வேகத்தில் நகரும்போது ஒரே இடத்தின் எதிரொலி பலமுறை வந்து சேர்கிறது. ஒவ்வொன்றிலும் அதிர்வெண் கொஞ்சம் மாறியிருக்கும். அந்த மாற்றத்தைக் கொண்டு எல்லாவற்றையும் சேர்த்துக் கணித்தால், ஆன்டெனா பல கி.மீ. நீளம் இருந்தது போன்ற தெளிவு கிடைக்கும்.

250 கி.மீ. அகலத்தை ஒரே வீச்சில் எடுக்க வேண்டியிருப்பதால் அந்தத் தெளிவில் கொஞ்சம் விட்டுக்கொடுக்கிறார்கள். கிடைப்பது ஒரு பக்கம் 5 மீட்டர், மறுபக்கம் 20 மீட்டர். கோப்பில் '10 மீட்டர்' என்றிருப்பது பிக்சல் இடைவெளிதான், தெளிவு அல்ல. வரப்பு தெரியாது. ஒரு ஏக்கருக்கும் குறைந்த தனி வயலைப் பற்றி இதை நம்பி எதுவும் சொல்லாதீர்கள்.

2023 டிசம்பர் தூத்துக்குடி வெள்ளத்தை வரைபடமாக்குகிறேன். கறுப்பான இடங்களையெல்லாம் தண்ணீர் என்று எடுத்தால் நம்ப முடியாத அளவு பரப்பு வருகிறது. எங்கே தவறு? — புவியியல் ஆய்வு மாணவி, திருநெல்வேலி

காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை கொட்டிய வெள்ளம் அது; பரப்பு பெரிதாக வருவதில் வியப்பில்லை. ஆனாலும் அந்த மாவட்டம் ரேடாரை ஏமாற்றவென்றே அமைந்தது போல இருக்கும்.

ரேடாருக்கு நிறம் தெரியாது. சமதளமான பரப்பில் பட்ட அலை கண்ணாடியில் பட்ட ஒளி போல அப்பால் தெறித்துப் போய்விடும், திரும்பி வராது, அதனால் கறுப்பு. தேங்கிய தண்ணீர் அப்படித்தான். செடியில்லாத காய்ந்த தேரி (செம்மணல் மேடு) மணலும், விமான ஓடுபாதையும், உப்பளப் பாத்தியும்கூட அப்படித்தான். எனவே ஒற்றைப் படத்தை வைத்து முடிவு சொல்லக்கூடாது. வெள்ளத்துக்கு முன் எடுத்த படத்தோடு ஒப்பிட்டு, பின்சிதறல் (ரேடாருக்குத் திரும்பி வரும் எதிரொலியின் வலிமை) 3 டெசிபெலுக்கு மேல் குறைந்த இடத்தை மட்டும் எடுங்கள். 3 டெசிபெல் குறைவு என்றால் திரும்பி வரும் ஆற்றல் பாதியாகிவிட்டது என்று பொருள்.

பெரும்பாலானவர்கள் சறுக்குவது அந்த 'முன் படத்தை'த் தேர்வதில்தான். மே மாதப் படத்தை எடுத்தால், வடகிழக்குப் பருவமழையில் வழக்கமாக நிரம்பும் குளங்கள், நீர் கட்டிய உப்பளங்கள், பிசானப் பருவ நெல் நடவு வயல்கள் எல்லாமே 'வெள்ளம்' ஆகிவிடும். நவம்பர் கடைசியில், அதே சுற்றுப்பாதை எண்ணில் எடுத்த படமே சரி. பாதை மாறினால் பார்வைக் கோணம் மாறும். கோணம் மாறினாலே பிரகாசமும் மாறிவிடும்.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. தாமிரபரணிக் கரையில் வாழைத் தோட்டத்துக்குள் இடுப்பளவு தண்ணீர் நின்றாலும் 5.5 செ.மீ. அலை மேல் இலைகளிலேயே சிதறித் திரும்பிவிடும், தண்ணீர் தெரியாது. குளத்துக்குள் வளர்ந்த சீமைக்கருவேலங்காட்டில் தண்ணீர் புகுந்தால், நீர்ப்பரப்பிலும் அடிமரத்திலும் பட்டு இருமுறை தெறித்து, படம் கறுக்காமல் வெளுக்கவும் செய்யலாம். தெருக்களில் நின்ற தண்ணீருக்கும் இதே கதைதான். கட்டடங்களின் பளிச்சென்ற எதிரொலி அதை மூழ்கடித்துவிடும். நகரத்துக்குள் 'வெள்ளமில்லை' என்று வந்தால் அதை வெளியிடாதீர்கள். அந்தப் பகுதியை 'கணிக்க முடியாதது' என்று தனி நிறமிட்டு விடுவதே நேர்மை.

இன்னொன்று: சென்டினல்-1 வரிசையின் 1பி செயற்கைக்கோள் 2021 டிசம்பரில் பழுதானதால் அந்த வெள்ளத்தின்போது வேலை செய்தது 1ஏ மட்டும்தான். ஒரே பாதைக்கு 12 நாளுக்கு ஒருமுறைதான் வரும். உங்கள் படத்தில் இருப்பது அது கடந்த நேரத்தில் நின்ற தண்ணீர், வெள்ளத்தின் உச்சம் அல்ல.

சென்டினல் படங்களைப் பதப்படுத்தும் ஸ்னாப் மென்பொருளில் எந்த வரிசையில் செய்ய வேண்டும்? கடைசியில் எனக்குக் கடலே காணாமல் போய்விடுகிறது. — மென்பொருள் பணியாளர், சென்னை

ஜிஆர்டி வகைக் கோப்பை (எதிரொலியின் வலிமை மட்டும் பதிவானது) திறந்ததும் சுற்றுப்பாதைக் கோப்பை இணையுங்கள். துல்லியமான பாதைத் தரவு படம் எடுத்துச் சுமார் 20 நாள் கழித்துத்தான் வரும். அவசரமென்றால் தற்காலிகத் தரவு போதும். பிறகு வெப்ப இரைச்சல் நீக்கம், சிக்மா-நாட் (பரப்பளவுக்கேற்ற பின்சிதறல்) அளவுக்குக் கலிபரேஷன், ஸ்பெக்கிள் (புள்ளிப்புள்ளியான இரைச்சல்) வடிகட்டி, மேடுபள்ளத்தால் இடம் மாறியதைச் சரிசெய்யும் நிலவடிவத் திருத்தம். டெசிபெலாக மாற்றுவது எல்லாம் முடிந்த பிறகுதான். டெசிபெல் மடக்கை அளவு என்பதால், முதலிலேயே மாற்றிவிட்டுச் சராசரி எடுத்தால் விடை கீழே இறங்கிவிடும்.

கடல் மறைவதற்குக் காரணம், நிலவடிவத் திருத்தத்தில் 'உயரத் தரவு இல்லாத இடத்தை மறை' என்ற கட்டம் தானாகவே டிக் ஆகியிருப்பது. அதை எடுத்துவிடுங்கள். கணினி திணறினால் முதலில் உங்கள் பகுதியை மட்டும் வெட்டிக்கொள்ளுங்கள். இவ்வளவும் வேண்டாமென்றால் கூகுள் எர்த் இன்ஜினில் பதப்படுத்திய படங்களே இருக்கின்றன. அவை டெசிபெலில் இருப்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

கோப்பின் பெயரில் நேரம் நள்ளிரவு 00:30 என்று இருக்கிறதே? — சேலம்

அது உலகப் பொது நேரம். ஐந்தரை மணி கூட்டினால் காலை 6 மணி.

நெல் நடவுப் பரப்பை இதில் கணக்கிடலாமா? — வேளாண் பட்டதாரி, மன்னார்குடி

தாராளமாக. நெல்லைப் போல ரேடாரில் அடையாளம் காட்டும் பயிர் குறைவு. சேறடித்து நீர் கட்டியபோது பின்சிதறல் தரைதட்டும். நட்டுத் தூர்கட்டத் தொடங்கியதும் வாரத்துக்கு வாரம் ஏறும். பூக்கும் பருவத்தையொட்டி ஏற்றம் நின்றுவிடும். பள்ளத்தில் விழுந்து மேடேறும் அந்த வரைகோடுதான் நெல்லின் கையெழுத்து. விஎச் துருவமுனைப்பில் (அலையைச் செங்குத்தாக அனுப்பி, கிடையாகத் திரும்புவதை அளப்பது) அது தெளிவாக வரும். பருவம் முழுக்க 12 நாளுக்கொரு படமாக அடுக்குங்கள். நேரடி விதைப்பு வயலில் அந்தத் தொடக்கப் பள்ளம் இருக்காது. புழுதி விதைப்பு அதிகமுள்ள பகுதியில் இதே விதியைப் போட்டால் பாதி வயல் விடுபட்டுப்போகும்.

கடலில் ஒரு கப்பல், அதன் நீர்த்தடத்தை விட்டுத் தள்ளி நிற்கிறது. படம் கெட்டுவிட்டதா? — தூத்துக்குடி

இல்லை. கப்பல் ரேடாரை நோக்கி வந்தாலோ விலகினாலோ எதிரொலியின் அதிர்வெண் கூடுதலாக மாறும்; கணிப்பு அதை இட மாற்றமாக எடுத்துக்கொள்கிறது. நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் நேராக ரேடாரின் திசையில் ஓடினால், 38 டிகிரி சாய்வில் பார்வைக் கோட்டுக்கு வருவது 6.2 மீட்டர். அதை 850 கி.மீ.யால் பெருக்கி 7.5 கி.மீ.யால் வகுத்தால் 700 மீட்டர் விலகல். நீர்த்தடம் இருக்குமிடம்தான் உண்மை. விலகலை அளந்து திருப்பிக் கணக்கிட்டால் கப்பலின் வேகமே கிடைக்கும். ரயில் தண்டவாளத்தை விட்டு வயலில் ஓடுவது போலத் தெரிவதும் இதனால்தான்.

என் தெருவில் நிலம் அமிழ்கிறதா என்று பார்க்க முடியுமா? — சென்னை

முடியும், ஆனால் ஜிஆர்டி உதவாது. அலையின் கட்டமும் (ஃபேஸ், அதாவது அலை தன் சுழற்சியின் எந்த இடத்தில் திரும்பி வந்தது என்பது) பதிவான எஸ்எல்சி வகைக் கோப்பு வேண்டும். ஒரே பாதையில் எடுத்த இரு படங்களின் கட்ட வித்தியாசத்தை வரைந்தால் வண்ண வளையங்கள் வரும்; ஒரு வளையம், பார்வைக் கோட்டில் 2.8 செ.மீ. நகர்வு, அதாவது அரை அலைநீளம். மெக்சிகோ நகரில் சில பகுதிகள் மாதம் 2.5 செ.மீ. வரை அமிழ்வதை இதே முறையில்தான் கண்டார்கள்; ஏரிப்படுகைக் களிமண்ணிலிருந்து நிலத்தடி நீரை உறிஞ்சியதன் விளைவு அது.

இரண்டே படங்களை வைத்து உங்கள் தெருவைப் பற்றி முடிவு கட்டாதீர்கள். சென்னைக் காற்றின் ஈரப்பதம் மாறினாலே வளையம் போட்டுவிடும். குறைந்தது 20, 30 படங்களை அடுக்கி, கட்டடம், பாலம் போல ஆண்டு முழுக்க மாறாத புள்ளிகளை மட்டும் தொடர வேண்டும். வயலிலும் தோப்பிலும் 12 நாளிலேயே இரு படங்களுக்கிடையிலான கட்டத் தொடர்பு அறுந்துவிடும். அங்கே ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 2025 ஜூலை 30-இல் ஏவிய இந்திய-அமெரிக்க ரேடார் செயற்கைக்கோள் நிசார் கைகொடுக்கும். அதன் 24 செ.மீ. அலை இலைகளைத் தாண்டிக் கீழே போகும். தொடங்குமுன் ஒன்று செய்யுங்கள்: அசையாது என்று உறுதியாகத் தெரிந்த கெட்டிப் பாறையின் மேலுள்ள கட்டடத்தை ஒப்பீட்டுப் புள்ளியாக வையுங்கள். அந்தப் புள்ளியே அமிழ்ந்தால் ஊர் முழுக்க மேலே எழும்புவதாக விடை வரும்.