கார்வர் பள்ளி: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

மகன் வீட்டுக்கு வந்து இரண்டு மாதமாக அரிசோனாவில், பீனிக்ஸ் நகரத்தில் இருக்கிறேன். போன வாரம் கார்வர் அருங்காட்சியகத்துக்குப் போனோம். ரயில் தண்டவாளங்களுக்குத் தெற்கே ஒரு செங்கல் கட்டடம். கறுப்பினப் பிள்ளைகளுக்காக மட்டும் கட்டிய உயர்நிலைப் பள்ளியாம். இதெல்லாம் மிசிசிப்பி, அலபாமா மாதிரி தென் மாநிலங்களில்தான் என்று நினைத்திருந்தேன். அதைவிட, ஒதுக்கிவைத்த பள்ளியை அங்கே படித்தவர்களே இவ்வளவு ஆசையாகக் காப்பாற்றியிருப்பதுதான் எனக்குப் புரியவில்லை.

கே.

அன்புள்ள கே.,

அரிசோனாவில் நிறப் பிரிவினையைச் சட்டம் போட்டே கொண்டுவந்தார்கள். 1909இல், அது மாநிலமாக ஆவதற்கு மூன்று வருடம் முன்பு, பள்ளிகளில் கறுப்பினப் பிள்ளைகளைத் தனியே பிரிக்கலாம் என்று சட்டமன்றம் முடிவு செய்தது. ஆளுநர் ஜோசப் கிபி ஒப்புதல் தர மறுத்தார். அதை மீறி நிறைவேற்றினார்கள். பதவி போன பிறகு, கிபியே வக்கீலாக வந்து ஒரு கறுப்பினத் தகப்பனுக்காக வாதாடினார். அந்தத் தகப்பனின் பிள்ளைகள் தனிப் பள்ளிக்குப் போக ரயில் பாதையைக் கடக்க வேண்டியிருந்தது. கீழ்க்கோர்ட்டில் வெற்றி. 1912இல் மாநில உச்ச நீதிமன்றத்தில் தோல்வி. 'அந்தக் காலத்தில் யாருக்கும் இது தப்பாகத் தெரியவில்லை' என்று யாராவது சொன்னால் எனக்கு இந்த வழக்குதான் நினைவுக்கு வரும்.

நகரின் முதல் உயர்நிலைப் பள்ளியான பீனிக்ஸ் யூனியன் 1895இல் தொடங்கியது. கறுப்பினப் பிள்ளைகளுக்குத் தனிக் கட்டடம் வந்தது 1926இல், கிடங்குகளுக்கு நடுவே, பழைய குப்பைமேட்டின் மேல். 1943இல் அதற்குக் கறுப்பின விஞ்ஞானி ஜார்ஜ் வாஷிங்டன் கார்வரின் பெயரை வைத்தார்கள். 1945இல் டபிள்யூ. ஏ. ராபின்சன் முதல்வராக வந்தார். தேடித்தேடி ஆசிரியர்களைக் கூட்டிவந்தார். எல்லோருமே முதுகலைப் பட்டம் பெற்றவர்கள். ஊரின் மற்ற உயர்நிலைப் பள்ளிகள் அவர்களுக்கு வேலை கொடுக்காத காலம் அது. அத்தனை படிப்பும் அந்த ஒரு கட்டடத்துக்குள் வந்து சேர்ந்தது. அங்கே படித்தவர்கள் நேசிப்பது அந்த ஆசிரியர்களை. தங்களை ஒதுக்கிய சட்டத்தை அவர்கள் மன்னித்துவிட்டதாக நினைக்காதீர்கள்.

சட்டம் உடைந்தது 1953இல். ஹேசல் டேனியல்ஸ், ஹெர்ப் ஃபின் என்ற வக்கீல்கள் வழக்குப் போட்டார்கள். டேனியல்ஸ் அரிசோனா சட்டமன்றத்துக்குத் தேர்வான முதல் கறுப்பினத்தவர்களில் ஒருவர். பிள்ளைகளைப் பிரிக்கும் அதிகாரத்தைப் பள்ளி வாரியத்திடம் ஒப்படைத்தது செல்லாது என்றார் நீதிபதி ஸ்டரக்மேயர். அரை நூற்றாண்டு சகிப்பின்மை போதும் என்றும் எழுதினார். பள்ளிகளில் நிறப் பிரிவினை செல்லாது என்று நாடு முழுவதற்குமாகச் சொன்ன பிரவுன் தீர்ப்பு வந்தது அடுத்த வருடம்தான்.

நியாயம் கிடைத்தது, 1954இல் கார்வர் மூடப்பட்டது. இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பள்ளிகள் ஒன்றானபோது பூட்டு விழுந்தது கறுப்பினப் பள்ளிக்குத்தான். அந்த வலி நியாயமானது என்றே நினைக்கிறேன்.

அப்புறம், வெள்ளைக் குடும்பங்கள் புறநகருக்குப் போகப் போக பீனிக்ஸ் யூனியனிலும் பிள்ளைகள் குறைந்தார்கள். 1982இல் அதுவும் மூடப்பட்டது. அதன் பழைய கட்டடங்களில் இப்போது மருத்துவக் கல்லூரி நடக்கிறது. கார்வரைத் தொண்ணூறுகளில் பள்ளி நிர்வாக மாவட்டத்திடமிருந்து வாங்கியவர்கள் பழைய மாணவர்கள். நீண்ட காலம் நகர மன்ற உறுப்பினராக இருந்த கால்வின் குட் அங்கே படித்தவர்.

ஊர் திரும்பும் முன் நேரமிருந்தால் பீனிக்ஸின் தென்மேற்கே லவீன் பக்கமும் போய்வாருங்கள். அங்கே 2007இல் திறந்த உயர்நிலைப் பள்ளிக்குப் பெட்டி ஃபேர்ஃபாக்ஸின் பெயர் வைத்திருக்கிறார்கள். அவர் கார்வரில் ஆசிரியராக இருந்தவர்.