பதில்: பூட்டிக் கிடக்கும் வீடுகளை என்ன செய்யலாம்?

மனைவியின் ஊரான, இத்தாலியின் அப்ரூட்ஸோ மாகாணத்து மலைக் கிராமத்தில் ஆறு பழைய வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன, இடித்துவிட்டு ஹோட்டல் கட்டலாமா என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து இடிக்காதீர்கள் சார். இத்தாலியில் இதற்கென்றே 'ஆல்பெர்கோ டிஃபூஸோ' (பரவிக் கிடக்கும் ஹோட்டல்) என்ற முறை இருக்கிறது. 1976இல் வட இத்தாலியின் ஃபிரியூலி பகுதியில் வந்த நிலநடுக்கத்துக்குப் பின் காலியாகக் கிடந்த வீடுகளுக்கு வழி தேடியபோது பிறந்த யோசனை. ஜான்கார்லோ தல்லாரா என்ற சுற்றுலா ஆலோசகர் அதற்கு உருக் கொடுத்தார். ஊர் நடுவே ஒரே வரவேற்பறை, ஒரே நிர்வாகம். அறைகள் மட்டும் நடக்கிற தூரத்தில் தனித்தனி வீடுகளில்.

உங்கள் மாகாணத்திலேயே இந்த முறையில் விடுதி நடக்கும் சாந்தோ ஸ்தெஃபானோ தி செஸ்ஸானியோ என்ற மலைக் கிராமம் இருக்கிறது. ஓர் இரவு தங்கிப் பாருங்கள் (வாடகை கொஞ்சம் கடிக்கும்). சுவரில் படிந்த அடுப்புப் புகையைக்கூடச் சுரண்டாமல் விட்டிருக்கிறார்கள். படுக்கை விரிப்பு கைத்தறி. அந்த மலையில் விளையும் பொடிப்பொடியான மசூர்ப் பயறு ரொம்பப் பிரபலம், கட்டாயம் சாப்பிடுங்கள்.

ஆனால் 2009 லாக்விலா நிலநடுக்கத்தில் அந்த ஊர்க் கோபுரமே இடிந்து விழுந்தது. அதனால் பெயின்ட், கட்டில் எல்லாம் அப்புறம்; முதல் செலவு கட்டடப் பொறியாளருக்குத்தான்.

ஆறு வீடுகளையும் ஒரேயடியாகத் திறக்க வேண்டாம். இரண்டில் தொடங்குங்கள். ஒன்றையாவது வருடம் முழுக்கக் குடியிருக்கும் குடும்பத்துக்கு வாடகைக்கு விடுங்கள். பனிக்காலத்தில் ஊரில் ஆளே இல்லையென்றால் மளிகைக் கடையும் மூடிவிடும். மாகாணத்துக்கு மாகாணம் விதி வேறு, நகராட்சியில் முதலிலேயே கேட்டுவிடுங்கள். 2025 முதல் குறுகிய கால வாடகை வீடுகளுக்கும் தேசிய அடையாள எண் கட்டாயம்.